நிலவை நகர்த்த எந்த எண்ணைத் தொடுவது? கேர்பல் சுற்றுப்பாதைக் கேள்வி-பதில்

கேள்விகள் கைபேசி விளையாட்டைப் பற்றிய கடைசி ஒன்றைத் தவிர, கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விண்வெளி விளையாட்டின் முதலாம் பாகத்தில், சுற்றுப்பாதைகளை மாற்றுவதற்காகக் கொப்பர்னிகஸ், மொடியூல் மனேஜர் என்ற இரண்டு துணைநிரல்களையும் (மொட்) போட்டவர்களுடையவை. சுற்றுப்பாதை எண்கள் உள்ள கோப்பைத் திறக்க முதல் உங்கள் சேவ் ஃபோல்டரைப் பிரதி எடுத்து வையுங்கள்.

மன் நிலவைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவர 6000 என்று எழுதினேன். நிலவையே காணவில்லை. (உப்புவெளி)

அலகு கிலோமீற்றர் அல்ல, மீற்றர். நீங்கள் நிலவை, அது சுற்றும் கோளான கேர்பினின் மையத்திலிருந்து 6 கி.மீ. தள்ளி, கோளுக்கு உள்ளேயே புதைத்துவிட்டீர்கள். செமி மேஜர் ஆக்ஸிஸ் (நீங்கள் மாற்றிய எண்; சுற்றுப்பாதையின் நெடிய விட்டத்தில் பாதி) அளக்கப்படுவது தரையிலிருந்தும் அல்ல, மையத்திலிருந்து. மன்னின் மூல அளவு 12,000,000. பாதி வேண்டுமென்றால் 6,000,000.

அதோடு வேலை முடியாது. தூரம் பாதியானால் ஒரு சுற்றுக்கான நேரம் 38 மணி 36 நிமிடத்திலிருந்து 13 மணி 39 நிமிடமாகக் குறையும். இந்த நேரத்தைத் தனியாக எழுத இடமில்லை. தூரமும் கேர்பினின் திணிவுமே அதைத் தீர்மானிக்கின்றன. மன்னின் ஈர்ப்பு எல்லையும் (அதன் ஈர்ப்பு மட்டும் ஆளும் பகுதியின் ஆரை) சத்தமில்லாமல் 2,430 கி.மீ.இலிருந்து 1,215 கி.மீ. ஆகிவிடும். பழைய சேவில் மன்னுக்கு மேலே 1,500 கி.மீ. உயரத்தில் ஒரு செய்மதி இருந்தால், அது இப்போது எல்லைக்கு வெளியே நிற்கிறது. ‘நிலவை இழுத்தேன், செய்மதி ஓடிவிட்டது’ என்று வரும் முறைப்பாடுகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எல்லையைப் பழையபடி வைக்க ‘புரொப்பர்ட்டீஸ்’ பகுதியில் அதற்கென ஒரு வரி எழுதலாம். ஆனால் அந்த எல்லை கேர்பினைத் தொடக்கூடாது.

ஏவுதளத்துக்கு மேலே மன் அசையாமல் நிற்க வேண்டும். (நிலாவெளி)

3,463,330 எழுதுங்கள். கேர்பின் தன்னைச் சுற்றும் 21,549 செக்கனுக்கு ஒத்த தூரம் அது. சாய்வும் எக்ஸென்ட்ரிசிட்டியும் (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு) பூச்சியமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வானத்தில் எட்டுப் போட்டுக்கொண்டோ, கிழக்கும் மேற்குமாக ஊசலாடிக்கொண்டோ இருக்கும். எந்த ஊருக்கு மேலே நிற்கும் என்பதை மீன் அனோமலி (பாதையில் நிலவு தொடங்கும் இடத்தைக் குறிக்கும் கோணம்) தீர்மானிக்கும். அதைப் பத்துப் பத்துப் பாகையாக மாற்றிப் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும்.

மீன் அனோமலிக்கு 180 கொடுத்தும் நிலவு எதிர்ப்பக்கம் வரவில்லையே? (சாம்பல்தீவு)

பெயரின் கடைசியில் ‘டி’ எழுத்து இல்லாத வரி, கோணத்தைப் பாகையில் அல்லாமல் ஆரையனில் (அரைச் சுற்றுக்கு 3.14159) எடுக்கும். 180 ஆரையன் என்றால் 28 சுற்றுப் போய், மேலும் 233 பாகை. ‘டி’ சேர்த்தால் பாகை, இல்லையேல் 3.14159 எழுதுங்கள்.

எக்ஸென்ட்ரிசிட்டி எவ்வளவு வரை போகலாம்? (மூதூர்)

1ஐத் தொடக்கூடாது என்பது தெரிந்ததே. ஆனால் உண்மையான வரம்பு அதற்கு வெகு முன்னாலேயே வருகிறது. கிட்டிய புள்ளி = தூரம் × (1 − எக்ஸென்ட்ரிசிட்டி). மன்னுக்கு 0.95 கொடுத்தால் 12,000 × 0.05 = 600 கி.மீ. கேர்பினின் ஆரையும் அதே 600தான்! கோள்களும் நிலவுகளும் தண்டவாளத்தில் ஓடுகிறவை. மோதாமல் ஒன்றையொன்று ஊடுருவிப் போகும். ஈர்ப்பு எல்லை கேர்பினின் 70 கி.மீ. வளிமண்டலத்தையும் தொடாமலிருக்க 0.74க்குள் நிறுத்துங்கள்.

மன்னை 20 பாகை சாய்த்தபின் எரிபொருள் போதவில்லை. (தம்பலகாமம்)

80 கி.மீ. உயரத்தில் வட்டமிட்டபடி 20 பாகை திருப்ப ஏறக்குறைய 790 மீ/செ. போய்விடும். ஏவுதளம் மன்னின் சுற்றுப்பாதைத் தளத்தைக் கடக்கும் நேரத்தில் அந்தச் சாய்விலேயே ஏவினால், இழப்பு பத்து மீ/செ. அளவுதான். கேர்பினின் ஏவுதளம் மத்தியகோட்டில் இருப்பதால் எந்தச் சாய்வுக்கும் நேரே ஏறலாம். 8.6 பாகை வடக்கில் இருக்கும் நம் திருகோணமலையிலிருந்து ஏவினால், அதற்குக் குறைந்த சாய்வுக்கு நேரே ஏற வழியில்லை. கேர்பினின் மற்ற நிலவான மின்மஸின் 6 பாகைகூட எட்டாது.

கைபேசியில் ஸ்பேஸ்ஃப்ளைட் சிமுலேட்டரில் சாய்வை எங்கே மாற்றுவது? (கிண்ணியா)

எங்கேயும் இல்லை. அது இருபரிமாண விளையாட்டு. கோள் கோப்பில் சுற்றும் திசைக்கு 1 அல்லது −1 மட்டுமே உண்டு.