ஐரோப்பாவில் முதல் அயர்ன்மேன் போகிறேன், எந்த வெட்சூட் வாங்கலாம்?

கோவாவில் 70.3 (அரை தூர அயர்ன்மேன்) முடித்துவிட்டீர்கள், அடுத்த வருடம் ஐரோப்பாவில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் செய்கிற டிரையத்லான் போட்டியான முழு அயர்ன்மேனுக்குப் பதிவு செய்திருக்கிறீர்கள், சென்னையில் இருந்துகொண்டு 20,000 ரூபாய் வெட்சூட் (குளிர்ந்த தண்ணீரில் நீந்தப் போடும் ரப்பர் உடை) வாங்குவதா 60,000 ரூபாய் வெட்சூட் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை நான் ஒரு காலத்தில் பத்துப் பேரிடமாவது கேட்டிருப்பேன். எல்லோரும் பிராண்ட் பெயர் சொன்னார்கள். அது உடம்பில் எப்படி உட்கார வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயிற்சியாளர் இல்லை, எந்தக் கம்பெனியும் எனக்குப் பணம் தரவில்லை. 40 வயதுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொண்ட, வேலைக்குப் போகிற ஒரு பெண். இரண்டு முறை டென்மார்க்கின் கோபன்ஹேகன் அயர்ன்மேனில் நீந்தியிருக்கிறேன். முதல் தடவை தவறான சூட்டில், இரண்டாவது தடவை சரியான சூட்டில். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் எனக்குத் தெரிந்தது.

நம் ஊர்க் கடலில் பழகியவர்களுக்கு வெட்சூட் என்பது படத்தில் பார்த்த பொருள். கோவாவில் தேவைப்பட்டிருக்காது. என்னுடைய சூட் வந்தபோது நீலாங்கரையில் காலை ஐந்தரை மணிக்குப் போட்டுக்கொண்டு இறங்கினேன், பத்து நிமிடத்தில் தலை சுற்றுவதுபோல் ஆகி வெளியே வந்துவிட்டேன். அந்தச் சூட்டில் இருந்த கோளாறு எதுவும் அங்கே எனக்குப் புலப்படவில்லை, ஏனென்றால் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ளே புகுந்தால் உடம்புக்குத் தெரியாது. 18 டிகிரி தண்ணீர் புகுந்தால் தெரியும்.

நான் 156 செ.மீ. உயரம், அப்போது 64 கிலோ. வெளிநாட்டு இணையக் கடையின் சைஸ் அட்டவணையில் எடையைப் பார்த்தால் மீடியம், உயரத்தைப் பார்த்தால் ஸ்மால். நம் பெண்கள் பலருக்கும் இதே சிக்கல் வரும், அந்த அட்டவணைகள் நீளமான உடம்பை மனதில் வைத்துப் போட்டவை. சாட்டில் கேட்டேன். "சந்தேகம் இருந்தால் பெரியதை எடுங்கள், வசதியாக இருக்கும்" என்று பதில் வந்தது. எடுத்தேன். சுங்க வரியும் கட்டினேன். வீட்டில் போட்டுப் பார்த்தபோது இதமாக இருந்தது, மூச்சு முட்டவில்லை, நல்லதைத்தான் வாங்கினோம் என்று நினைத்தேன். வெட்சூட் வீட்டில் இதமாக இருந்தால் அது பெரிய சைஸ் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

கோபன்ஹேகனில் நீச்சல் அமாகர் கடற்கரைப் பூங்காவின் உப்பங்கழியில் நடக்கும். அலை கிடையாது, சென்னைக் கடலோடு ஒப்பிட்டால் குளம் மாதிரி. இறங்கி இருபது கை வீசியிருப்பேன், இடுப்புக்கு மேலே முதுகுப் பள்ளத்தில் சில்லென்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. ஒருமுறை புகுந்த தண்ணீர் உள்ளேயே தங்கிச் சூடானால் பரவாயில்லை, வெட்சூட் வேலை செய்வதே அப்படித்தான். நியோப்ரீன் ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள் சூட்டை வெளியே விடாமல் காக்கும், மிதக்கவும் வைக்கும். தோலுக்கும் ரப்பருக்கும் நடுவில் மெல்லிய படலமாகத் தண்ணீர் இருக்கலாம், ஆனால் அது ஓடக் கூடாது. எனக்கு ஒவ்வொரு கை வீச்சுக்கும் பழைய தண்ணீர் கழுத்து வழியாகப் போய்ப் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. சூட்டின் கைகளுக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு, ஈர மூட்டையைத் தூக்கித் தூக்கிப் போடுவதுபோல் தோள் வலித்தது. நீச்சல் குளத்தில் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 25 விநாடி என்ற கணக்கில் நீந்துகிறவள், 3.8 கி.மீ. தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஆகும் என்று நினைத்திருந்தேன். 2 மணி 11 நிமிடம் ஆனது. கட்-ஆஃப், அதாவது நீச்சலை முடித்தாக வேண்டிய நேரம், 2 மணி 20 நிமிடம். வெளியே வந்தபோது விரல்கள் மரத்து, ஹெல்மெட்டின் கிளிப்பைப் போட முடியவில்லை, பக்கத்தில் இருந்த வேறொரு போட்டியாளர் என்ன ஆயிற்று என்று கேட்டார், ஆனால் உதவக் கூடாது என்று நினைத்தோ என்னவோ அவரும் தயங்கி நின்றார். சைக்கிளில் முதல் 40 கி.மீ. நடுங்கிக்கொண்டே போனேன். போட்டியை முடித்தேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும்.

ஊருக்குத் திரும்பியதும் எல்லோரும் சொன்னது ஒரே பதில், "உங்கள் நீச்சல் பலவீனம், இன்னும் நீந்துங்கள்." எங்கே நீந்துவது? இதை இங்கே சொல்லியே ஆகவேண்டும். நான் போகிற நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரம் என்று மாலை ஒரு மணி நேரம், அதுவும் அலுவலகம் விடுவதற்கு முன்னால். பொது நேரத்தில் போனால் லேனில் நீந்த விடாமல் "மேடம், நீங்க ஓரமா போங்க" என்று ஆழமில்லாத பக்கம் ஒதுக்கிவிடுவார்கள். பையன்கள் குளத்தின் நடுவே தண்ணீரை அடித்து விளையாடிக்கொண்டிருப்பார்கள், அவர்களை யாரும் ஒதுக்கமாட்டார்கள். மாதக் கட்டணம் மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், பதிலே இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் நீச்சல் பலவீனம் என்று சொல்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டாவது முறை ஐந்து நாள் முன்னதாகவே போய்விட்டேன். சூட் வாங்காமலே போனேன், எல்லோரும் பயமுறுத்தினார்கள். அந்த ஊரில் நீச்சல், சைக்கிள் சாமான் விற்கிற கடையில் மூன்று மணி நேரம் இருந்து ஆறு சூட் போட்டுப் பார்த்தேன். கடையில் இருந்த பெண்மணி ஒவ்வொன்றிலும் என் முதுகுப் பள்ளத்தில் ரப்பரைக் கிள்ளி இழுத்துப் பார்த்தார். கையில் மடிப்பாகச் சிக்கினால் உடனே கழற்றச் சொன்னார். விலை அதிகமானது எனக்குத் தோளில் அருமையாக இருந்தது, ஆனால் முதுகில் இடைவெளி. கடைசியில் பொருந்தியது நடுத்தர விலையில், ஸ்மால் சைஸ், பெண்களுக்கென்று வெட்டியது. கரையில் நிற்கும்போது அரை சைஸ் சின்னதோ என்று தோன்றியது, தண்ணீரில் இறங்கியதும் அந்த இறுக்கம் தெரியவில்லை. மறுநாளே கடலில் 20 நிமிடம் நீந்திப் பார்த்தேன். போட்டியில் 1 மணி 31 நிமிடம். நடுவில் ஒரு வருடப் பயிற்சி இருந்ததே என்பீர்கள். இருந்தது. குளத்தில் 100 மீட்டர் நேரம் 5 விநாடி குறைந்திருந்தது, அவ்வளவுதான். மிச்ச அரை மணி நேரத்துக்கும் மேலான வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

சரி, நீங்கள் எப்படித் தேர்ந்தெடுப்பது? போட்டுக்கொண்டு முதுகுப் பள்ளம், அக்குள், தொடை இடுக்கு மூன்றையும் பாருங்கள். இந்த மூன்றிலும் ரப்பர் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். கையை நேராக மேலே தூக்கும்போது அக்குளில் இழுத்துப் பிடித்தால் பெரும்பாலும் சூட்டின் தவறில்லை, கீழேயிருந்து சரியாக ஏற்றவில்லை என்று பொருள். கணுக்காலில் ஆரம்பித்துக் கெண்டைக்கால், முட்டி, தொடை என்று கொஞ்சம் கொஞ்சமாக விரல் நுனியால் (நகத்தால் அல்ல) மேலே ஏற்றி, தொடை இடுக்கில் இடைவெளியே இல்லாமல் செய்த பிறகுதான் கைகளை நுழைக்க வேண்டும். பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும். எனக்கு முதலில் 25 நிமிடம் பிடித்தது, இப்போது ஏழெட்டு நிமிடம். கழுத்து வேறு விஷயம். கழுத்திலும் மார்பிலும் அழுத்தினால் குளிர்ந்த தண்ணீரில் பதற்றம் வரும், அந்த சூட் மற்ற இடமெல்லாம் பொருந்தினாலும் வேண்டாம்.

கால் தண்ணீரில் கீழே தாழ்கிறவர் என்றால் தொடையிலும் இடுப்பிலும் தடிமன் அதிகமுள்ளது உங்களுக்கு உதவும். சிறு வயதிலிருந்து நீந்துகிறவர் என்றால் அதே சூட் காலை அளவுக்கு மீறித் தூக்கிவிடும், உங்களுக்கு எல்லா இடமும் ஏறக்குறைய சமமாக மிதக்கிற வகை போதும். தோளில் 1.5 முதல் 2 மி.மீ. இருந்தால் கை சோராது. எந்த இடத்திலும் 5 மி.மீ. தாண்டக் கூடாது, அது போட்டி விதி. விலை கூடக் கூடத் தோள் ரப்பர் மெல்லியதாகவும் நன்றாக இழுபடுவதாகவும் இருக்கும், மேற்பூச்சு வழுவழுப்பாக இருக்கும். ஆனால் மெல்லிய ரப்பர் நகம் பட்டாலே பிறைபோல் கிழியும். முதல் சூட்டுக்கு நடுத்தர விலையே போதும் என்பது என் கருத்து. ஆர்கா, ஹூப், ஸோன்3, ப்ளூசெவன்டி என்று எந்த பிராண்டாகவும் இருக்கலாம், டெக்கத்லானின் நபைஜியாகவும் இருக்கலாம். சர்ஃபிங், ஸ்கூபா சூட் மலிவாகக் கிடைக்கிறதே என்று மட்டும் போகாதீர்கள். அவை உராய்வைத் தாங்கச் செய்தவை, வெளியே துணி ஒட்டியிருக்கும், தோள் விறைப்பாக இருக்கும், கை வீசி நான்கு கி.மீ. நீந்த முடியாது. கை இல்லாத சூட்டும் உண்டு. 22, 23 டிகிரியில் சரி, 17-ல் வேண்டாம்.

விதியைப் பார்த்துவிட்டுப் பணத்தைப் போடுங்கள். அயர்ன்மேன் போட்டிகளில் நம்மைப் போன்ற, தொழில்முறை வீரர் அல்லாத வயதுப் பிரிவுக்காரர்கள் தண்ணீர் 24.5 டிகிரி வரை வெட்சூட் போடலாம். அதற்கு மேல் 28.8 வரை சில போட்டிகளில் போட விட்டாலும், பரிசுக்கும் உலகப் போட்டிக்குத் தகுதி பெறும் இடத்துக்கும் கணக்கில் வராது. அதையும் தாண்டினால் தடை. உலக டிரையத்லான் அமைப்பின் விதிகள் வேறு, 1500 மீட்டர் வரையிலான நீச்சலுக்கு வரம்பு 22 டிகிரிதான். ஜெர்மனியின் ஹாம்பர்க் அயர்ன்மேனில் 2018-ல் ஆல்ஸ்டர் ஏரியில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து நீச்சலையே ரத்து செய்து 6 கி.மீ. ஓட்டம் வைத்தார்கள், அப்படியும் நடக்கும்.

"வெட்சூட் போட்டு நீந்துவது ஏமாற்று" என்று இங்கேயும் யாராவது வந்து எழுதுவார்கள். ஆங்கிலக் கால்வாய் நீச்சலில் வெட்சூட் கிடையாது, சாதாரண நீச்சலுடைதான். நம் தமிழ்நாட்டு நீச்சல் வீரர் குற்றாலீஸ்வரன் 1994-ல் சிறுவனாக அப்படித்தான் கடந்தார், அவரை நினைத்தால் மெய்சிலிர்க்கும். பாக் நீரிணையை 1971-ல் இரு வழியும் நீந்திய, இலங்கையின் வல்வெட்டித்துறை ஆனந்தன் 1984-ல் அதே ஆங்கிலக் கால்வாயில்தான் உயிரிழந்தார். குளிர்ந்த கடல் எவ்வளவு பெரிய வீரரையும் விட்டுவைக்காது. நான் சாதனைக்குப் போகவில்லை, பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குத் திரும்பி வர வேண்டியவள்.

போட்டியன்று இரண்டு விஷயம். கழுத்தில் வெல்க்ரோ உரசும், உராய்வு தடுக்கும் களிம்பு தடவுங்கள், பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், அது ரப்பரைக் கெடுக்கும். இறங்கியதும் கழுத்தைக் கொஞ்சம் இழுத்துத் தண்ணீரை உள்ளே விட்டு, முகத்தை நனைத்து, மூச்சைத் தண்ணீருக்குள் மெதுவாக ஊதுங்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, அப்புறம் அடங்கிவிடும். அது தெரியாமல்தான் பலர் திரும்பிவிடுகிறார்கள்.

ஊருக்குக் கொண்டுவந்தபின் நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயவைத்து, அகலமான ஹேங்கரில் மாட்டுங்கள். சென்னை ஈரப்பதத்தில் மடித்து அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், மடிப்பும் நிலைத்துவிடும்.

உங்கள் உயரமும் எடையும் எழுதவில்லையே. 165 செ.மீ. பக்கம், 62, 63 கிலோ, பெண் என்றால் என் பழைய மீடியம் சூட் உங்களுக்குப் பொருந்த வாய்ப்பிருக்கிறது, இன்னும் கிழியாமல் மாட்டியே இருக்கிறது. எழுதுங்கள், போட்டுப் பார்க்கலாம். வரும்போது நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள்.