டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டால்: வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்

கேள்வி: நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். சொந்தமாக வைத்திருப்பது பெட்ரோல் கார். போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக என் மச்சானின் டீசல் காரை வாங்கிக்கொண்டு புதுச்சேரி போனோம். திரும்பும்போது, அங்கே விலை குறைவு என்று, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் முள்ளோடையில் ஒரு பங்க்கில் நிறுத்தி, பழக்க தோஷத்தில் "ரெண்டாயிரத்துக்குப் பெட்ரோல்" என்று சொல்லிவிட்டேன். பையனும் போட்டுவிட்டான். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் வண்டி உதறி, கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஐந்தாறு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். யாரோ ஒருவர் தானாக வந்து நின்று, கட்டி இழுத்துப்போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். இஞ்ஜெக்டர், பம்ப், டேங்க் எல்லாம் மாற்ற வேண்டும், ஒன்றே முக்கால் லட்சம் ஆகும், ஆனால் இன்சூரன்ஸில் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். எஞ்சின் போய்விட்டதா? இன்சூரன்ஸ் கிடைக்குமா? மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை.

பதில்: எஞ்சின் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிஸ்டன், கிராங்க், ஹெட் என்று நீங்கள் நினைத்து நடுங்குகிற சாமான்களை இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டம் அவ்வளவு சீக்கிரம் கெடுத்துவிடாது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது, காற்றை அழுத்திச் சூடாக்கி அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறது. பெட்ரோல் அந்த நேரத்துக்குச் சரியாகப் பற்றாது, பற்றினாலும் தப்பான நேரத்தில் பற்றும், நீங்கள் கேட்ட கடகட சத்தம் அதுதான்.

பயப்பட வேண்டியது, டீசலை அழுத்தி எஞ்சினுக்குத் தள்ளும் ஹை பிரஷர் பம்ப்புக்கு. இப்போதைய டீசல் கார்களில் அந்தப் பம்ப்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, உள்ளே ஓடும் டீசலே அதற்கு ஆயில். டீசலுக்கு இருக்கும் வழவழப்பு பெட்ரோலுக்கு இல்லை. தண்ணீர் விடாமல் மாவு கிரைண்டரை ஓட விட்ட மாதிரி உலோகமும் உலோகமும் உரசித் தேயும். உங்கள் டயரில் இருக்கும் அழுத்தம் பார் என்ற அளவில் இரண்டுக்குச் சற்று மேல், இந்தப் பம்ப் தள்ளுகிற அழுத்தமோ ஆயிரத்து அறுநூறு பாரையும் தொடும் என்றால், அங்கே உரசல் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்து விழும் தூள், டீசலைப் பங்கிட்டுக் கொடுக்கும் ரெயில் என்ற குழாய்க்குள் போய், அங்கிருந்து டீசலை எஞ்சினுக்குள் தெளிக்கும் இஞ்ஜெக்டருக்குள் போய் அடைக்கும். அப்படி நடந்திருந்தால் அவர்கள் சொல்கிற செலவு பெரும்பாலும் நியாயம்தான். நடக்காமல் இருந்தால் டேங்க்கைக் காலி செய்து, பைப்புகளைக் கழுவி, டீசல் ஃபில்டரையும் எஞ்சின் ஆயிலையும் மாற்றி, நல்ல டீசல் ஊற்றிக் காற்றெடுத்து விட்டால் வண்டி ஓடும், அதற்குச் சில ஆயிரம்தான் ஆகும். சில ஆயிரமா ஒன்றே முக்கால் லட்சமா என்பது பம்ப்புக்குள் தூள் இருக்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது. அதைப் பார்க்காமலேயே உங்களுக்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எப்படிப் பார்ப்பது? இங்கேதான் ஒரு வேடிக்கை காட்டுவார்கள். டீசல் ஃபில்டரைக் கழற்றி, வெள்ளைத் துணியில் கவிழ்த்து, "பாருங்க சார், எவ்வளவு கருப்பு, எல்லாம் போச்சு" என்பார்கள். ஃபில்டர் பம்ப்புக்கு முன்னால் இருக்கிறது. பம்ப் தேய்ந்தால் தூள் பம்ப்புக்கு உள்ளேயும் அதற்குப் பின்னாலும்தான் முதலில் தெரியும், மிச்ச டீசல் திரும்பும் ரிடர்ன் பைப் வழியாக டேங்க்குக்குப் போய்ச் சுற்றி வந்தால்தான் ஃபில்டருக்கு வரும். ஃபில்டரில் இருக்கும் கருப்பு மச்சான் பல மாதமாக ஓட்டிய அழுக்கு. ஆகவே பம்ப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன வால்வைக் கழற்றி உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். அதன் சல்லடையில் மினுக்கும் உலோகத் தூள் இருக்கிறதா என்று செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் பம்ப், ரெயில், இஞ்ஜெக்டர் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை, டேங்க்கையும் கழற்றிக் கழுவ வேண்டும். இல்லை என்றால் இஞ்ஜெக்டர்களை மட்டும் டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப்பில் பெஞ்ச்சில் வைத்துச் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அளவு எழுதிய தாளை வாங்குங்கள், தேறாததை மட்டும் மாற்றினால் போதும். நாலில் ஒன்று போனதற்கு நாலையும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், கழற்றிய மூன்று நல்ல இஞ்ஜெக்டர் எங்கே போகிறது என்று நீங்களே யோசியுங்கள். பழைய சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்று இப்போதே சொல்லி, எஸ்டிமேட் தாளிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

டேங்க்கில் இருந்து எடுத்த கலப்பு எண்ணெயை யார் கொண்டு போகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அதை உங்கள் பைக்கில் ஊற்றிக்கொள்ளாதீர்கள், கேனில் பிடித்து வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைக்கவும் வேண்டாம், தீப்பிடிக்கும் பொருள். வாயால் உறிஞ்சி ரப்பர் டியூபில் எடுக்கிற மெக்கானிக்கைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டு வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, டீக்கடையில் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஆலோசனை. "அட, லாரியில எல்லாம் கலந்து ஓட்டியிருக்கோம், ஒண்ணும் ஆகாது, கொஞ்சம் டூ-டி ஆயில் ஊத்தி ஓட்டு." டூ-டி என்பது டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு கலக்கும் ஆயில். அப்படிச் சொல்லும் பெரியவர் பொய் சொல்லவில்லை. பழைய லாரிகளில் இருந்த இன்லைன் பம்ப், சின்னச் சின்ன பம்ப்புகள் ஒரு பெட்டிக்குள் வரிசையாக நிற்குமே, அதன் கேம் பகுதிக்கு எஞ்சின் ஆயில் போகும், டீசலை மட்டும் நம்பி அது இல்லை, அழுத்தமும் குறைவு, எனவே கொஞ்சம் கலப்படத்தைத் தாங்கும். அதற்காகப் பழைய வண்டி என்றால் எல்லாமே அப்படி என்று நினைத்துவிடக் கூடாது, ரோட்டரி பம்ப் வைத்த பழைய வண்டிகளும் உண்டு, அதில் உள்ளே ஓடும் டீசல்தான் ஆயில், அதுவும் தேயும். லாரி டிரைவருடைய அனுபவம் இன்லைன் பம்ப்பின் அனுபவம். நான் மேலே சொன்ன ஹை பிரஷர் பம்ப்பும் ரெயிலும் கொண்ட காமன் ரெயில் வந்த பிறகு அது செல்லாது, உங்கள் மச்சானின் கார் எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நீங்கள் இரவல் வாங்கும் அளவுக்குப் புதுசு என்றால் நிச்சயம் காமன் ரெயில்தான். டூ-டி ஆயில் ஊற்றி ஓட்டுவது, தேய்மானத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு மொத்தமாக வாங்கும் வேலை.

நின்ற பிறகு ஐந்தாறு முறை ஸ்டார்ட் அடித்தீர்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒவ்வொரு முறையும் பம்ப் சுற்றுகிறது. பங்க்கிலேயே தெரிந்துவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல், நியூட்ரலில் தள்ளி ஓரம் கட்ட வேண்டும். சாவியை ஆன் செய்தாலே டேங்க்குக்குள் இருக்கும் சின்ன மோட்டார் எண்ணெயை முன்னே தள்ளிவிடும் வண்டிகள் நிறைய. பெட்ரோல் காரில் டீசல் போட்டவர்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டாம், டேங்க்கைக் கழுவி பிளக்கைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் முடிந்தது.

சரி, இன்சூரன்ஸ். "வாங்கித் தருகிறோம்" என்று சொன்னவர்கள் எப்படி வாங்கித் தரப் போகிறார்கள் என்று கேட்டீர்களா? சாதாரண மோட்டார் பாலிசியில் மெக்கானிக்கல் பழுது, தேய்மானம், ஒன்று கெட்டதால் இன்னொன்று கெடுகிற பின்விளைவு இழப்பு எல்லாம் விலக்கப்பட்டவை. தப்பான எண்ணெய் போட்டதை விபத்து என்று கம்பெனிகள் ஒப்புக்கொள்வது அரிது. கூடுதல் பணம் கட்டி எடுக்கும் எஞ்சின் பாதுகாப்பு என்பதும் பெரும்பாலும் தண்ணீர் புகுந்ததற்கும் ஆயில் ஒழுகியதற்கும்தான். உங்களுக்குப் பயன்படக்கூடியது சாலையோர உதவி என்ற சின்ன ஆட்-ஆன், சில கம்பெனிகள் அதில் தப்பான எண்ணெய்க்கு இழுவைச் செலவையும் டேங்க் காலி செய்யும் கூலியையும் தருகின்றன. பாலிசித் தாளில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியிருக்க அவர்கள் சொல்லும் வழி என்னவாக இருக்கும்? "தண்ணி புகுந்துச்சுன்னு எழுதிக்கலாம் சார்." நம் ஊருக்கு இது ரொம்ப எளிதாகப் பொருந்துகிற பொய். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு உண்மையாகவே கிளைம் கேட்டவர்கள் நிறைய, அந்தப் படிவங்களை நிரப்பிப் பழகிய ஏஜென்ட்கள் இப்போது எந்த வண்டி நின்றாலும் அதில் தண்ணீரைப் பார்க்கிறார்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, அவர்களே கதை எழுதி அனுப்புவார்கள். சேதத்தைப் பார்க்கக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து டேங்க்கை முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வரும். அப்புறம் பொய்க் கிளைம் என்று பதிவாகி, பாலிசியே ரத்தாகிற நிலை வந்தால் மாட்டுகிறவர் ஏஜென்ட் இல்லை, ஒர்க்‌ஷாப்காரரும் இல்லை, பாலிசியில் பெயர் இருக்கும் உங்கள் மச்சான். தயவுசெய்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், ஏற்கனவே போட்டிருந்தால் இன்றே போய் அந்தத் தாளைத் திரும்ப வாங்குங்கள்.

தானாக வந்து நின்ற இழுவை வண்டி உங்கள் அதிர்ஷ்டத்தால் வந்ததல்ல. நீங்கள் சொன்ன இடத்தில் அல்ல, அவர் சொன்ன ஒர்க்‌ஷாப்பில் வண்டி போய் நின்றதைக் கவனித்தீர்களா? கொண்டுவந்து விடுகிற வண்டிக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு, அது உங்கள் எஸ்டிமேட்டில் ஏதோ ஒரு சாமானின் பெயரில் உட்கார்ந்திருக்கும். வண்டியை அங்கேயே ரிப்பேர் செய்தாக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. இழுவைக் கூலியையும், கழற்றிப் பார்த்திருந்தால் அதற்கான கூலியையும் ரசீது வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு இடத்துக்கு மாற்றலாம். இந்த ஆட்களுக்குப் பலமே நம்முடைய வெட்கம்தான். என்னிடம் வருகிறவர்களும் "சும்மா போய்க்கிட்டே இருந்தேன், நின்னுடுச்சு" என்றுதான் சொல்வார்கள், பெட்ரோல் போட்டதைச் சொல்ல வாய் வராது. சொல்லாமல் விட்டால் மெக்கானிக் ஸ்கேனர் மாட்டி, சென்சார் மாற்றி, ஒயரிங் பார்த்து, நாலு நாள் கழித்துத்தான் டேங்க் மூடியைத் திறப்பான், நாலு நாள் கூலியும் உங்கள் தலையில் விழும். நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அது நல்லது.

பங்க்கோடு சண்டைக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உசுப்பிவிடுவார்கள். நீங்களே பெட்ரோல் என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறீர்கள், அதில் வழக்குக்குப் பெரிதாக இடமில்லை. பெட்ரோல் நாசில் பொதுவாக மெலிதாக இருப்பதால் டீசல் டேங்க் வாயில் தடையில்லாமல் நுழைந்துவிடுகிறது, மூடியில் டீசல் என்று எழுதியிருந்தும் பையன் பார்க்கவில்லை என்று வருத்தப்படலாம், அவ்வளவுதான். இதே தவறு பங்க் ஆளால் நடந்திருந்தால் கதை வேறு. பில்லில் எம்.எஸ். என்று இருந்தால் பெட்ரோல், எச்.எஸ்.டி. என்று இருந்தால் டீசல். அதன் விரிவு ஹை ஸ்பீட் டீசல். இன்னொரு பக்கம் ஸ்பீட் என்ற பெயரிலேயே பெட்ரோல் விற்கிறார்கள், ஜனங்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள், பெயர் வைத்தவர்கள் ஒரு நாளாவது பங்க்கில் நின்று பார்த்திருந்தால் தெரியும். பில்லும் நீங்கள் கேட்டதற்குச் சாட்சியும் இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பங்க் புதுச்சேரியில் இருக்கிறதே, அங்கே அலைய வேண்டுமா என்று பயப்பட வேண்டாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே புகார் கொடுக்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் பதிவு செய்து பார்க்கலாம், அந்த எண்ணில் ஆள் பேசும் வரை பொறுமை இருந்தால்.

வண்டியை இழுத்தடித்து வைத்திருக்காதீர்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பம்ப்புக்குள் வாரக்கணக்கில் நின்றால் தேய்மானம் போதாதென்று துருவும் சேரும். ஆனால் கிளைம் கேட்பதாக இருந்தால் கழற்றுவதற்கு முன்பே கம்பெனிக்குத் தகவல் போக வேண்டும், சர்வேயர் பார்க்காமல் கழற்றிவிட்டால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். எண் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று கஸ்டமர் கேர் அரை மணி நேரம் பாட்டுப் போடும், விடாமல் பிடித்துக்கொண்டு பதிவு எண்ணை வாங்குங்கள், இல்லையென்றால் மின்னஞ்சலில் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புங்கள்: தவறுதலாகப் பெட்ரோல் நிரப்பப்பட்டது, இவ்வளவு தூரம் ஓடியது, இங்கே நின்றது. மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். அதை வைத்துக் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதி, அங்கும் பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும், இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்து வைக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் போகலாம். கடலூர், புதுச்சேரி, காரைக்கால் மூன்றும் சென்னைக்குக் கீழேதான்.

இதில் எதையும் உங்கள் பெயரில் செய்ய முடியாது. ஆர்.சி.யும் பாலிசியும் மச்சானுடையது, தகவல் அவர் எண்ணிலிருந்து அல்லது அவர் மின்னஞ்சலிலிருந்து போக வேண்டும், கிளைம் படிவத்தில் அவர் கையெழுத்துத்தான் செல்லும். ஒர்க்‌ஷாப்காரர்கள் ஆர்.சி.யைப் பார்த்திருப்பார்கள், அவர்களே அவருக்குப் போன் செய்து "உங்க வண்டி எஞ்சின் அவுட்" என்று சொல்வதற்கு முன்னால் நீங்கள் பேசிவிடுங்கள். பங்க் பில்லையும், எஸ்டிமேட்டையும் படம் எடுத்து அனுப்பி, பம்ப் வால்வைத் திறந்து பார்க்கும்போது கூட வந்து நிற்கச் சொல்லுங்கள்.