பறப்பதும் நிற்பதும்: இங்கிலாந்துக்கு ஒரு விமானக் குழுப் பயணம்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் 14 பேர். பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்ற பொறியாளர்கள். இளமை முதலே விமானங்கள் மீது பற்றுக் கொண்டவர்கள். வரும் ஜூலையில் பத்து நாள் இங்கிலாந்து சென்று விமான அருங்காட்சியகங்களையும் வான்சாகச நிகழ்ச்சியையும் காண விரும்புகிறோம். பயண முகவர் தந்துள்ள திட்டத்தில் ஒன்பது அருங்காட்சியகங்களும் இரண்டு நிகழ்ச்சிகளும் உள்ளன. இடையில் இரண்டு நாள் பாரிஸ். இது நடக்கக் கூடியதா? – ஓசூர் வாசகர்

பதில்: நடக்கும், ஆனால் விமானங்களைவிடப் பேருந்தின் இருக்கைதான் உங்களுக்கு அதிகம் பழகிப்போகும். பிரிட்டனில் சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர் நான்கரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்பதும், ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதும் சட்டம். முகவர்கள் போடும் திட்டங்களில் இந்தக் கணக்கு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஒன்பதை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். லண்டன், கேம்பிரிட்ஜ், இங்கிலாந்தின் மேற்குப் பகுதி ஆகிய மூன்று இடங்களில் மட்டும் தங்கி, அங்கிருந்து பகலில் போய் வருவதே உங்கள் வயதினருக்கு ஏற்றது.

பாரிஸை இந்தப் பயணத்தில் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. லெ பூர்ஜே விமான நிலையத்தில் உள்ள அருங்காட்சியகம் உலகின் மிகப் பழையவற்றுள் ஒன்று, 1919 இல் தொடங்கியது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே நடக்கும் புகழ்பெற்ற பாரிஸ் விமானக் கண்காட்சி ஒற்றைப்படை ஆண்டுகளின் ஜூன் மாதத்துக்கு உரியது. ஜூலையில் போனால் அருங்காட்சியகம் மட்டுமே கிடைக்கும். அதற்காக 14 பேரும் தனியாக, பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா எடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் லண்டன். ஹெண்டனில் உள்ள ராயல் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நிலத்தடி ரயிலின் நார்தர்ன் தடத்தில் காலின்டேல் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். முதல் நாளை இங்கே கழிக்கச் சொல்வதற்குக் காரணம் கட்டணம் அல்ல. இரண்டாம் உலகப் போரில் 137 தாக்குதல் பயணங்கள் சென்று திரும்பிய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்று இங்கே நிற்கிறது. அதன் குண்டு வைக்கும் வயிற்றுப் பகுதிக்கு அருகில் நின்று, நான்கு எஞ்சின்களையும், பின்புறத் துப்பாக்கி வீரர் தனியாக அமர்ந்திருந்த சிறு கூண்டையும் நிதானமாகப் பார்த்தவருக்கு, பின்னர் வானில் ஒரு லங்காஸ்டர் கடந்து போகும்போது தெரிவது வேறு. உலகில் இன்று பறக்கும் நிலையில் உள்ள லங்காஸ்டர்கள் இரண்டே. ஒன்று இங்கிலாந்தின் கானிங்ஸ்பி தளத்திலும் மற்றொன்று கனடாவின் ஹாமில்டனிலும் உள்ளன. நிற்கும் விமானத்தை முதலில் பார்த்துவிட்டுப் பறக்கும் விமானத்துக்குப் போவது என்ற இந்த வரிசையை உங்கள் திட்டம் முழுவதிலும் காப்பாற்றினால், இடங்கள் குறைந்ததைப் பற்றி ஒருவரும் குறைபட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே டக்ஸ்ஃபோர்டு விமான அருங்காட்சியகம். இதற்கு ஒரு முழுநாள் வேண்டும். உங்களுள் பொறியாளர்கள் மிகுதி என்பதால் ஒன்றரை நாள் என்றாலும் தகும். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1997 இல் திறக்கப்பட்ட அமெரிக்க விமான அருங்காட்சியகக் கட்டடத்தின் அளவே, ஏறத்தாழ 56 மீட்டர் இறக்கை விரிவுள்ள பி-52 குண்டுவீச்சு விமானத்தைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது. விமானங்களை உள்ளே நிறுத்திவிட்டுத்தான் முகப்பின் கண்ணாடிச் சுவரை எழுப்பினார்கள். பெரிய விமானம் எதையாவது வெளியே எடுக்க வேண்டுமானால் அந்தச் சுவரைக் கழற்ற வேண்டும். ஆனால் டக்ஸ்ஃபோர்டின் உண்மையான செல்வம் வேலை நடக்கும் கொட்டகைகள்தாம். பழைய ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் எஞ்சின் மூடி கழற்றப்பட்டு, இரண்டு மூன்று பேர் அதன் மீது குனிந்து வேலை செய்துகொண்டிருப்பதைத் தடுப்புக்கு இப்பாலிருந்து பார்க்கலாம். நிகழ்ச்சி இல்லாத சாதாரண நாட்களிலும் வானிலை அனுமதித்தால் பழைய விமானங்கள் இங்கிருந்து பறப்பதுண்டு.

ஓல்டு வார்டனை முகவரின் பட்டியலில் காணவில்லை. என்னைக் கேட்டால், வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது. பெட்ஃபோர்டுஷையரில் புல்தரையையே ஓடுபாதையாகக் கொண்ட சிறு விமானத்தளம் அது. ரிச்சர்டு ஷட்டில்வொர்த் என்ற இளைஞர் 1928 முதல் சேர்க்கத் தொடங்கிய பழைய விமானங்களும் வண்டிகளும் அங்கே உள்ளன. அவர் 1940 இல் விமானப்படைப் பயிற்சியின்போது விபத்தில் இறந்த பிறகு, தாயார் டோரதி அந்தச் சேகரிப்பு சிதறாமல் அறக்கட்டளை அமைத்துக் காத்தார். 1909 ஆம் ஆண்டின் பிளேரியோ விமானம் ஒன்று மூன்று உருளை ஆன்சானி எஞ்சினுடன் இன்றும் அங்கே தரையை விட்டு எழுகிறது. காற்று ஏறக்குறைய நின்றுவிட்ட மாலைகளில் மட்டுமே அதை வெளியே எடுப்பார்கள். சில அடி உயரத்தில், நேர்கோட்டில், சிறிது தொலைவு சென்று இறங்கிவிடும். எனவே, கோடையில் அங்கு நடக்கும் மாலை நிகழ்ச்சிகளின் தேதி உங்கள் பயண நாட்களுக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தாலும் பிளேரியோ பறக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது.

கடைசியில் மேற்கே சென்று ஃபேர்ஃபோர்டு விமானப்படைத் தளத்தில் நடக்கும் வான்சாகச நிகழ்ச்சியையும், அதன் பின் ஒருநாள் காஸ்ஃபோர்டையும் பார்த்துத் திரும்பலாம். காஸ்ஃபோர்டில் உள்ளது ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தின் மற்றொரு வளாகம். இதற்கும் கட்டணம் இல்லை. பனிப்போர்க் காலத்தில் பிரிட்டனின் அணுகுண்டுகளைச் சுமக்க உருவாக்கப்பட்ட வேலியன்ட், வல்கன், விக்டர் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் காண இதை விட்டால் வேறு இடம் இல்லை.

கேள்வி: ஃபேர்ஃபோர்டில் நெரிசல் எப்படி இருக்கும்? மெரினாவில் நடந்ததை எண்ணினால் பெற்றோரை அழைத்துச் செல்லத் தயக்கமாக இருக்கிறது. – சென்னை வாசகி

பதில்: 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் வான்சாகச நிகழ்ச்சியைக் காண வந்தவர்களுள் ஐந்து பேர் உயிரிழந்ததை மறந்துவிட்டு யாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் வெவ்வேறு வகையான கூட்டங்கள். மெரினா கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்திருந்த கடற்கரை. ஃபேர்ஃபோர்டில் ஜூலை நடுவில் நடக்கும் ராயல் இன்டர்நேஷனல் ஏர் டாட்டூ, வேலியிட்ட விமானப்படைத் தளத்துக்குள், முன்கூட்டியே டிக்கெட் வாங்கியவர்களுக்காக நடப்பது. வாசலில் டிக்கெட் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். உள்ளே நெரிசலைவிட நடைதான் முதியோரைக் களைப்பாக்கும். ஓடுபாதை மூன்று கிலோமீட்டர் நீளம், பார்வையாளர் பகுதியும் அதையொட்டி நீண்டு கிடக்கிறது. நிழல் அரிது. வெயிலுக்குத் தொப்பி, மழைக்கு மேலங்கி, காதுக்கு அடைப்பான் ஆகிய மூன்றும் வேண்டும். கூடுதல் கட்டணத்தில் இருக்கை உள்ள அடைப்புகள் உண்டு. பெற்றோருக்காக அந்தச் செலவைச் செய்யலாம்.

உண்மையான தொல்லை மாலையில்தான். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லா வண்டிகளும் கிராமத்துச் சாலைகளில் ஒன்றாக இறங்குவதால் வெளியேறவே மணிக்கணக்காகும். அன்று இரவுக்கு வேறு எந்த ஏற்பாடும் வைத்துக்கொள்ளாதீர்கள். கடைசி விமானம் பறந்ததும் எழாமல், ஒரு மணி நேரம் புல்லிலேயே உட்கார்ந்திருப்பது நல்லது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2008 இல் மழையால் வாகனம் நிறுத்தும் வயல்கள் சேறாகி நிகழ்ச்சி முழுவதுமே கைவிடப்பட்டது; 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் பெருந்தொற்றால் நடக்கவில்லை. அமெரிக்க விமானப்படையும் பயன்படுத்தும் தளம் அது என்பதால் படைத் தேவைகளும் குறுக்கிடலாம். ஆகவே அந்தந்த ஆண்டு அறிவிப்பு உறுதியான பின்னரே விமானச் சீட்டு வாங்குங்கள்.

கேள்வி: வான்சாகச நிகழ்ச்சிகளில் பார்வையாளர் மீது விமானம் விழும் ஆபத்து எவ்வளவு? – சேலம் வாசகர்

பதில்: 1988 இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் மூன்று விமானங்கள் மோதி, ஒன்று கூட்டத்தின் மீது விழுந்து, விமானிகள் உட்பட 70 பேர் இறந்தனர். அதன் பிறகு கூட்டத்தை நோக்கிப் பறக்கும் சாகசங்கள் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டன. விமானங்கள் பார்வையாளருக்கு இணையாக, குறித்த தொலைவுக் கோட்டுக்கு அப்பால் பறக்கின்றன. 2015 இல் இங்கிலாந்தின் ஷோரமில் பழைய ஹண்டர் ஜெட் விழுந்தபோது இறந்த 11 பேரும் மைதானத்துக்கு வெளியே சாலையில் இருந்தவர்கள். இந்தப் பாடத்தால் வெளிப்பகுதிகளுக்கான விதிகளும் கடுமையாயின. எனவே டிக்கெட் செலவை மிச்சப்படுத்த வேலிக்கு வெளியே, பறக்கும் பாதையின் கீழ் நின்று பார்க்கலாம் என்று குழுவில் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு பயணிகள் விமானத்துக்குள் ஏறிப் பார்க்க முடியுமா? – புதுச்சேரி வாசகர்

பதில்: முடியும். டக்ஸ்ஃபோர்டில் நிற்பது சோதனைக்காகக் கட்டப்பட்டது. உள்ளே பயணிகள் இருக்கைகளுக்குப் பதில் அளவுக் கருவிகளின் பெட்டிகள் இருக்கும். அது ஒலியைப் போல் 2.23 மடங்கு வேகம் தொட்டது. வேறெந்தக் கான்கார்டும் அந்த வேகத்தை எட்டவில்லை. 1977 இல் அது அங்கே இறங்கிய பின் நெடுஞ்சாலைக்காக ஓடுபாதையின் ஒரு பகுதியை வெட்டிவிட்டார்கள். பயணியாக உட்கார்ந்து பார்க்க விரும்பினால் லண்டனுக்கு அருகில் வேபிரிட்ஜில் உள்ள புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

கேள்வி: இந்த அருங்காட்சியகங்களில் இந்தியாவோடு, குறிப்பாகச் சென்னையோடு, தொடர்புடையது ஏதேனும் உண்டா? மாணவர்களிடம் சொல்லலாம் என்று கேட்கிறேன். – மதுரை ஆசிரியை

பதில்: உண்டு, ஆனால் தேடிப் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மாகாணங்களும் குடியேற்ற நாடுகளும் அளித்த நிதியைப் பாராட்டி, ராயல் விமானப்படையின் சில படையணிகளுக்கு அவற்றின் பெயர்கள் சூட்டப்பட்டன. 79, 234, 264 ஆகிய எண்களுள்ள மூன்று படையணிகள் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கின. ஆங்கிலேய ஆட்சியின் போர்ச் செலவுக்கு நம் மாகாணத்திலிருந்து சென்ற பணத்தின் தடம் இது. பெருமை என்பதா, வேறு ஏதாவது என்பதா என்பதை உங்கள் மாணவர்களே விவாதிக்கட்டும்.

இவற்றுள் 264 ஆம் படையணியின் கதை விமானப் பொறியியலுக்கே ஒரு பாடம். அவர்கள் ஓட்டிய டிஃபையன்ட் என்ற போர் விமானத்தில் முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி கிடையாது. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு துப்பாக்கிகள், அவற்றுக்குத் தனி வீரர். 1940 மே 29 அன்று பிரான்ஸின் டன்கர்க் வானில் 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக அவர்கள் உரிமை கோரினார்கள். உண்மை எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு என்பது ஆய்வாளர் முடிவு. எதிரி விமானிகள் இதன் முன்புறம் வெறுமை என்பதைப் புரிந்துகொண்டதும் நிலைமை தலைகீழானது. ஆகஸ்டில் பேரிழப்பு ஏற்பட்டு, டிஃபையன்ட் பகல் போரிலிருந்து விலக்கப்பட்டு இரவுப் போருக்கு மாற்றப்பட்டது. உலகில் முழுமையாக எஞ்சியிருக்கும் ஒரே டிஃபையன்ட் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்திடம் உள்ளது. ஹெண்டனுக்கும் காஸ்ஃபோர்டுக்கும் இடையே விமானங்களை மாற்றி வைக்கும் வழக்கம் உண்டு என்பதால், எங்கே இருக்கிறது என்று இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போகவும்.

முதல் உலகப் போரைச் சேர்ந்த எஸ்.இ.5ஏ என்ற போர் விமானம் ஒன்று ஓல்டு வார்டனில் பறக்கும் நிலையில் இருக்கிறது. கல்கத்தாவில் பிறந்து ராயல் விமானப்படையில் விமானியாக இருந்த இந்திர லால் ராய் அந்த வகை விமானத்தில்தான் 1918 ஜூலையில் இரு வாரங்களுக்குள் வான்போரில் 10 வெற்றிகளைப் பெற்று, அதே மாதம் 22 ஆம் தேதி, 20 வயது நிறைவதற்கு முன்பே, வீழ்ந்தார்.

கேள்வி: 14 பேருக்கும் சேர்த்து ஒரே விசா கிடைக்குமா? – ஓசூர் வாசகரின் இரண்டாம் கடிதம்

பதில்: கிடைக்காது. ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பித்துக் கைரேகை பதிய வேண்டும். புறப்படும் நாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஒருவருக்கு மறுக்கப்பட்டாலும் மற்றவர்கள் போகும்படியாக முகவருடன் பண ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணவரின் குழுவோடு நானும் செல்கிறேன். எனக்கு விமானங்களில் துளியும் ஆர்வம் இல்லை. பத்து நாளை எப்படிக் கழிப்பது? – கோவை வாசகி

பதில்: டக்ஸ்ஃபோர்டு நாளன்று நீங்கள் கேம்பிரிட்ஜிலேயே இருந்துவிடுங்கள். ஓல்டு வார்டனில் விமானத்தளத்தை ஒட்டியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்விஸ் தோட்டம் இருக்கிறது. புரூக்லண்ட்ஸில் 1907 இல் கட்டிய கார்ப் பந்தயப் பாதையின் எஞ்சிய பகுதியும் பழைய லண்டன் பேருந்துகளின் காட்சியகமும் உள்ளன. ஃபேர்ஃபோர்டு நாளுக்கு மட்டும் என்னிடம் மாற்று இல்லை. விடுதியில் தங்கிவிடுவதே நல்லது, கணவர் வருத்தப்பட்டாலும்.

கேள்வி: விமானங்களின் வால் எண்களைக் குறித்துக்கொள்வதும் படமெடுப்பதும் எனக்குப் பொழுதுபோக்கு. வெளிநாட்டில் இதனால் சிக்கல் வருமா? – திருச்சி வாசகர்

பதில்: பிரிட்டனில் இது பல்லாயிரவரின் பொழுதுபோக்கு, நிகழ்ச்சிக்கு வரும் விமானங்கள் இறங்கும் முந்தைய நாட்களுக்கும், அவை திரும்பும் திங்கட்கிழமைக்கும் ஃபேர்ஃபோர்டில் இதற்கென்றே ஆட்கள் குவிவார்கள். ஆனால் ஒரு நாட்டின் வழக்கம் இன்னொரு நாட்டில் குற்றமாகலாம். 2001 நவம்பரில் கிரேக்கத்தின் கலமாட்டாவில் பொதுமக்களுக்கு விமானத்தளத்தைத் திறந்துவிடும் நாளுக்குக் குழுவாகச் சென்ற 12 பிரிட்டானியரும் 2 டச்சுக்காரரும் உளவு பார்த்ததாகக் கைது செய்யப்பட்டார்கள். அவர்களுடைய குறிப்பேடுகளில் இருந்த வால் எண்களே சான்றாகக் காட்டப்பட்டன. அப்படி ஒரு பொழுதுபோக்கு உண்டு என்பதையே நீதிமன்றத்தை நம்பவைப்பது கடினமாக இருந்தது. 2002 ஏப்ரலில் தண்டனை விதிக்கப்பட்டு, நவம்பரில் மேல்முறையீட்டில்தான் அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள்.

நம் நாட்டிலும் விமானப்படைத் தளங்களில் படமெடுக்கத் தடை இருப்பதை அறிவீர்கள். பல இடங்களில் பயணிகள் விமான நிலையத்துக்கும் படைத்தளத்துக்கும் ஓடுபாதை ஒன்றே. ஆகவே வீட்டிலிருந்து புறப்படும்போதும் திரும்பும்போதும் கேமராவைப் பைக்குள் வைத்திருங்கள். இங்கிலாந்தில் அருங்காட்சியகத்திலும் நிகழ்ச்சியிலும் தாராளமாக எடுங்கள். மற்ற விமானத்தளங்களின் வேலியோரம் நிற்கும்போது காவலர் வந்து கேட்டால், குறிப்பேட்டை மறைக்காமல் காட்டி, என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, அவர் நகரச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். வழியில் வேறு நாட்டில் தங்கிச் செல்வதாக இருந்தால், அங்கே ஓடுபாதையைப் படமெடுக்கலாமா என்பதை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.