விண்டோஸ் 98 காலத்து விளையாட்டுகளுக்கு எந்தக் கணினி பொருத்தம்?
கொழும்பின் கடலோரப் பகுதியான வெள்ளவத்தையில் வசிக்கும் தாங்கள், 2000ஆம் ஆண்டை ஒட்டிய விளையாட்டுகளுக்காகப் பழைய கணினியொன்றை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்கு எழுதப்பட்ட விளையாட்டுகள் மட்டுமென்றால் செலவே வேண்டாம்; இருக்கும் மடிக்கணினியில், டாஸ் கணினியைப் போலவே இயங்கிக் காட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருள் போதும். விண்டோஸ் 98இல் ஓடுபவற்றுக்கு பென்டியம் 3 செயலியும், வூடூ வரைகலை அட்டைகளுக்கென்றே உருவான கிளைட் இடைமுகத்தை நம்பிய விளையாட்டுகள் இருப்பின் வூடூ 3 அட்டையும், இல்லையேல் ஜீஃபோர்ஸ் 2 வரைகலை அட்டையும் பொருந்தும். நினைவகம் 256 மெகாபைட் தாராளம். 512ஐத் தாண்டினால், வட்டுத் தேக்ககத்துக்கு (வட்டிலிருந்து படித்தவற்றைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதிக்கு) நினைவக முகவரிகளை அளவுக்கு மீறி ஒதுக்கிவிட்டு விண்டோஸ் 98 தடுமாறக்கூடும். தாய்ப்பலகை எப்படியும் பாவித்ததாகவே அமையும் என்பதால், மின்தேக்கிகளின் தலை வீங்கியிருக்கிறதா, கடற்காற்றுப் பட்டு இணைப்பிகளில் துருவேறியிருக்கிறதா என்று பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். மின்வழங்கியை மட்டும், என்ன விலையானாலும், புதிதாகவே வாங்குங்கள்.