ஃபிஜி இந்தியர்கள்: பல இனமா, ஒரே பண்பாடா?

இரண்டும்தான். முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது இனப் பன்மை. இன்று எப்படி வாழ்கிறார்கள் என்பது பண்பாட்டு ஒருமை.

1879 முதல் ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பெரும்பாலோர் வட இந்திய மொழிகளான போஜ்புரி, அவதி பேசியவர்கள். தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் 1903-இலிருந்துதான் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் கரும்புத் தோட்டங்களில் ஒரு கலவை இந்தி வேரூன்றிவிட்டது. மேஸ்திரியிடம் கூலி கேட்கவும், பக்கத்து லயத்தில் (கூலிகளின் வரிசை வீட்டில்) உப்புக் கடன் வாங்கவும் அதுதான் உதவியது. பல ஊர்ப் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டலில் தானாக ஒரு பொதுப் பேச்சு வந்துவிடுமே, அப்படி. அப்புறம் பேரப்பிள்ளைகளுக்கு அதுவே வீட்டு மொழி. தமிழைக் காக்க 1926-இல் சங்கம்கூட வைத்தார்கள். ஆனாலும் அன்றாடப் புழக்கம் இந்தியின் பக்கமே சாய்ந்தது.

இந்தி பேசுவதால் இவர்கள் எல்லோரும் வட இந்தியர் என்று நினைப்பது தவறு. மாரியம்மனுக்குத் தீமிதிப்பவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.