சேலத்தில் இருந்துகொண்டே பழைய படங்களைப் பார்த்துத் திரைக்கதை எழுதக் கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி கேட்டவர் சேலத்தில் வேலை பார்க்கிறார். சென்னைக்குப் போய்ப் படிக்க வசதியில்லை. கதையைத் தொடக்கம், நடு, முடிவு என்று பிரிக்கும் மூன்று அங்கம், திருப்புமுனை என்று நிறைய வாசித்துவிட்டார், ஆனாலும் பத்தாவது பக்கத்துக்கு மேல் எழுத்து நகரவில்லை என்கிறார். எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். அங்கக் கணக்கைக் கொஞ்ச காலம் மூடி வைத்துவிட்டு, ஒரே ஒரு படத்தை எடுத்துக் காட்சி காட்சியாகப் பிரியுங்கள். மொத்தம் மூன்று முறை பார்க்க வேண்டும். முதல் முறை சும்மா ரசிகராகப் பாருங்கள். இரண்டாவது முறை ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நிறுத்தி, நோட்டில் நாலு கட்டம் போட்டு எழுதுங்கள். இடமும் ஆட்களும் முதல் கட்டம். யாருக்கு இப்போது என்ன வேண்டும் என்பது இரண்டாவது. காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது என்பது மூன்றாவது. இந்த நிமிடத்தில் எது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது நாலாவது. மூன்றாவது முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வசனம் இல்லாமலே புரிகிற காட்சிகளுக்கு ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

காட்சிக்கு ஒரு வரி என்று, இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 60 முதல் 80 வரிகள் வரும். சினிமாக்காரர்கள் இதைத்தான் சீன் ஆர்டர் அல்லது ஒன்லைன் என்கிறார்கள். உங்கள் சொந்தக் கதைக்கும் வசனத்துக்கு முன்னால் தயாராக வேண்டியது இந்தப் பட்டியல்தான். பத்தாவது பக்கத்தில் பேனா நிற்பதற்குப் பெரும்பாலும் இது இல்லாததே காரணம். முதல் காட்சி மனதில் இருக்கும், கடைசிக் காட்சியும் இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது.

படத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தின் நுழைவு வளைவை எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். அந்த நிறுவனம் 1950-இல் எடுத்த மந்திரி குமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். வசனம் மு. கருணாநிதி. எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கியது. கதையின் வேர் குண்டலகேசி. அந்தக் காப்பியம் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை என்றாலும் கதை தெரியும்: கொலைத் தண்டனையிலிருந்து நாயகி மீட்டு மணந்துகொண்ட கள்வனே ஒருநாள் அவளை மலையுச்சிக்கு அழைத்துப்போய்க் கொல்லப் பார்க்கிறான்; உங்களை மூன்று முறை வலம் வந்துவிட்டுச் சாகிறேன் என்று கேட்டு, பின்னால் வந்து அவனைத் தள்ளிவிடுகிறாள்.

படத்தில் இந்த மலைக்காட்சியை மட்டும் தனியாக எடுத்து நாலாவது கட்டத்தை நிரப்பிப் பாருங்கள். பார்த்திபனாக எஸ்.ஏ. நடராஜன், அமுதவல்லியாக மாதுரி தேவி. ‘வாராய் நீ வாராய்’ பாட்டு ஓடும் வரை அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அழைப்பின் சொற்கள் காதலனுடையவை, நோக்கம் கொலைகாரனுடையது. உச்சியில் அவன் வாய் திறந்ததும் இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. அவள் வலம்வரத் தொடங்கும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது: இப்போது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஒரே இடத்தில், இரண்டே ஆட்களை வைத்துக்கொண்டு, தெரிந்தவர் யார் என்பது மூன்று நிலைகளைக் கடக்கிறது. பாறையும் பள்ளமும் பின்னணிதான். நம்மை உட்காரவைப்பது இந்த மாற்றம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வலம்வருவது ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பார்க்கிற எல்லோருக்கும் பழக்கமான செயல் அது. கணவனின் செருக்குக்குத் தீனி போடுவதால் அவன் மறுக்கவும் மாட்டான். முக்கியமாக, அந்தச் செயலே அவளை அவன் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒரே அசைவு மூன்று வேலை செய்கிறது. இப்படி ஒரு அசைவைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போனாலும் அது வீண் இல்லை.

தற்செயல் பற்றியும் இதே படத்தில் ஒரு பாடம் இருக்கிறது. இளவரசிக்காகப் பார்த்திபன் அனுப்பும் ஓலை கை மாறி மந்திரி மகள் அமுதவல்லியிடம் போய்ச் சேர்கிறது. சுத்தமான தற்செயல்தான், ஆனால் நாம் ஒத்துக்கொள்கிறோம். சிக்கலைத் தொடங்கிவைக்கிற தற்செயலை மக்கள் மன்னிப்பார்கள், சிக்கலை அவிழ்க்கிற தற்செயலை மன்னிக்க மாட்டார்கள். உங்கள் கதையில் கடைசி இருபது நிமிடத்தில் யாராவது ‘தற்செயலாக’ எதையாவது கேட்டுவிட்டால், அந்தக் காட்சியைக் கிழித்துவிட்டு வேறு வழி தேடுங்கள்.

அடுத்து அந்த நாள், 1954, எஸ். பாலச்சந்தர் இயக்கியது. பாட்டே கிடையாது. தொடக்கத்திலேயே துப்பாக்கிச் சத்தம், ஒரு பிணம். பிறகு ஒவ்வொருவரும் தன் பக்கத்தைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முன்கதையும் பழைய சேதியைத் தருவதோடு யார் மேல் சந்தேகம் என்பதையும் நகர்த்துகிறது. முன்கதை எழுதும்போதெல்லாம் இதை அளவுகோலாக வையுங்கள். அது முடிந்து நிகழ்காலத்துக்குத் திரும்பும்போது நிலைமை மாறியிருக்கவில்லை என்றால் அந்த முன்கதை தேவையில்லை.

இனி எழுதும் பயிற்சி. முழுப்படம் வேண்டாம், மூன்று நிமிடக் காட்சி ஒன்று போதும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையை வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறார், வேலை முடிந்ததும் கொலுசை எடை போட்டு வாங்குகிறார், சேதாரம் போக மீதி சரியாக வர வேண்டும். இன்று 12 கிராம் குறைகிறது. எடுத்தது பட்டறைக்காரரின் மகன்.

பெரும்பாலானோர் முதல் பிரதியை இப்படித்தான் எழுதுவார்கள்: “என்னப்பா, 12 கிராம் குறையுதே, யார் எடுத்தது?” “எனக்குத் தெரியாதுங்க, என் மேல சத்தியமா நான் எடுக்கலைங்க.” எல்லாம் வாயில் வந்துவிட்டது. பார்ப்பவருக்குச் செய்ய வேலையே இல்லை. இப்போது நாலாவது கட்டத்தைத் திருத்துங்கள். மகன் எடுத்தது நமக்கு முன்பே தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. வியாபாரி தராசில் கொலுசை வைக்கிறார், எண்ணைப் பார்க்கிறார், ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் துடைத்து மறுபடி வைக்கிறார். அப்பா மகனைத் திரும்பிப் பார்க்கிறார். மகன் ஃபேனை நிறுத்துகிறான், காற்றில் தராசு ஆடுகிறதாம். அந்த நொடியில் அப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது. “சேதாரம் இந்த வாட்டி கொஞ்சம் கூடிப்போச்சுங்க, கூலில கழிச்சுக்கங்க” என்கிறார். சொல்லப்பட்ட வசனம் எடையைப் பற்றியது, காட்சி அப்பா மகனைப் பற்றியது. மகனுக்கு இப்போது ஒரு கடன் ஏறிவிட்டது, அடுத்த காட்சி தானாக வரும்.

இரண்டாவது பயிற்சி ஏற்காடு பஸ். அடிவாரத்துக்கு மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. அருகருகே இருவர். ஒருவரிடம் ரகசியம். இருபதாவது வளைவுக்குள் அது மற்றவருக்குத் தெரிந்தாக வேண்டும், ஆனால் வாயால் சொல்லக் கூடாது. பலகைகளே கடிகாரமாக வேலை செய்யும்.

வடிவம் பற்றிச் சுருக்கமாக. காட்சி எண், உள்ளே/வெளியே, இடம், பகல்/இரவு ஆகியவை தலைப்பில் வர வேண்டும். பக்கத்தை நடுவில் பிரித்து இடப்பக்கம் செயலும் வலப்பக்கம் வசனமும் எழுதும் பழைய தமிழ் முறையை நான் பரிந்துரைக்கிறேன். இடப்பக்கம் வெறுமையாகவும் வலப்பக்கம் நிரம்பியும் இருந்தால் நோய் என்ன என்று பார்த்ததுமே தெரியும். ஒரு பக்கம் எழுதினால் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத் தட்டச்சு அளவுக்கு ஏற்பட்டது, தமிழில் அதை நம்பாதீர்கள். போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு, வசனத்தை நடிக்கும் வேகத்தில் வாசித்து, செயல் வரும் இடத்தில் கண்ணை மூடி அது நடக்கும் நேரம் முழுக்கக் காத்திருங்கள்.

இடைவேளை சுமார் 75-ஆவது நிமிடத்தில் விழும். அங்கே அதிர்ச்சி மட்டும் இருந்தால் இரண்டாம் பாதி தொய்யும். முதல் பாதி எழுப்பிய கேள்விக்குப் பதில் கிடைத்து, அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று பிறக்க வேண்டும். இரண்டாம் பாதி நகராமல் நின்றால் நாயகனைத் திருத்தப் போகாதீர்கள். எதிராளி இப்போது என்ன திட்டத்தில் இருக்கிறார் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அவரிடம் திட்டமே இல்லை என்பது தெரியவரும்.

சீன் ஆர்டர் முடிந்ததும், சினிமா ஆசை இல்லாத ஒருவரிடம் பத்து நிமிடத்தில் கதையைச் சொல்லுங்கள். ‘நல்லா இருக்கு’ என்ற பதிலை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். அவர் கண் போனுக்குப் போன இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேதான் திருத்தம். காதலிக்க நேரமில்லை (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை இதற்காகவே ஒருமுறை பாருங்கள். கதவும் காலடியும் சத்தமாக மட்டுமே வருகின்றன, பயம் முழுக்கக் கேட்பவர் முகத்தில்தான் இருக்கிறது.

சென்னையில் யாருக்காவது அனுப்புவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. வெறும் கருவுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது, எழுதி முடித்த வடிவத்துக்குத்தான் உண்டு. அதனால் ஒருவரிக் கதையைப் போனில் சொல்லிக்கொண்டிருக்காமல், முழுத் திரைக்கதையை முடித்து, தேதி தெரியும்படி உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். முறையாகப் பதிய வேண்டுமென்றால் பதிப்புரிமை அலுவலகத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். உறுப்பினரானால் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலும் கதையைப் பதிவு செய்யலாம்.