சிறிய காலிபர், எடை குறைந்த குண்டு: பெரிய விலங்குக்குப் போதுமா?

கேள்வி: என்னிடம் உரிமம் பெற்ற 0.223 ரெமிங்டன் ரைஃபிள் உள்ளது. 55 கிரெய்ன் தோட்டாக்களை வைத்துக் குறி தவறாமல் சுடப் பழகியிருக்கிறேன். இந்தப் பருவத்தில் செம்மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது. சரியான இடத்தில் சுட்டால் எந்தத் தோட்டாவானாலும் போதும் என்கிறார்கள் சிலர். உண்மைதானா?

பதில்: உங்களிடம் இருக்கும் 55 கிரெய்ன் தோட்டா இந்த இரண்டு விலங்குகளுக்கும் போதாது. சரியான இடத்தில் சுட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த இடம் தோலின் மேல் இல்லை, உடலின் உள்ளே இருக்கிறது. தோல், தசை, சில வேளைகளில் தோள்பட்டை எலும்பு ஆகியவற்றைக் கடந்து இதயத்தையோ இரு நுரையீரல்களையுமோ குண்டு சென்றடைந்தால்தான் விலங்கு விரைவில் விழும்.

55 கிரெய்ன் என்பது ஏறத்தாழ மூன்றரை கிராம் எடைதான். அந்தக் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது வினாடிக்குச் சுமார் 3,240 அடி வேகமும் 1,740 ஜூல் ஆற்றலும் கொண்டிருக்கிறது. எடை குறைவாக இருப்பதால் காற்றின் தடை அதன் வேகத்தைச் சீக்கிரமே தின்றுவிடும். 100 கெஜத்தில் சுமார் 1,250 ஜூலும், 200 கெஜத்தில் சுமார் 880 ஜூலும்தான் மிஞ்சுகின்றன. ஜெர்மனியின் வேட்டைச் சட்டம் ரோ மான் என்ற சிறிய வகை மானுக்கு 100 மீட்டரில் குறைந்தது 1,000 ஜூல் இருந்தால் போதும் என்கிறது. செம்மான், காட்டுப்பன்றி ஆகியவற்றுக்கோ 6.5 மில்லிமீட்டருக்குக் குறையாத காலிபரும் (அதாவது குண்டின் விட்டம்; உங்கள் 0.223 அங்குலம் சுமார் 5.7 மில்லிமீட்டர்தான்) 100 மீட்டரில் 2,000 ஜூலும் வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் கொலராடோ போன்ற மாநிலங்களிலும் பெரிய விலங்குகளுக்குக் காலிபர் வரம்பு உண்டு. எனவே நீங்கள் வேட்டையாடும் இடத்தின் விதியை முதலில் படியுங்கள். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

விதி தடுக்காத இடத்திலும் ஆற்றல் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. குண்டின் கட்டமைப்பு அதைவிட முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. கடைகளில் கிடைக்கும் 55 கிரெய்ன் குண்டுகளில் பல, நரி அளவுள்ள விலங்குகளுக்கென்று மெல்லிய செப்பு உறையோடு செய்யப்பட்டவை. பட்டவுடன் சிதறுவதே அவற்றின் வேலை. அத்தகைய குண்டு கொழுத்த காட்டுப்பன்றியின் தோளில் பட்டால் மேல்தசையிலேயே துண்டுதுண்டாகிவிடும். வெளியே பார்க்க அகன்ற காயமாகத் தெரிந்தாலும் உள்ளே நுரையீரலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விலங்கு புதருக்குள் ஓடிப் பல நாள் வேதனைப்பட்டுச் சாகும். முழு உலோக உறை போட்ட குண்டும் இதற்கு மாற்றாகாது; அது விரியாமல் ஊசித் துளையாகக் கடந்து போய்விடும் என்பதால் பல இடங்களில் மான் வேட்டைக்கு அதைத் தடை செய்திருக்கிறார்கள்.

குண்டு உடைந்து ஏமாற்றுவது சிறிய காலிபருக்கு மட்டும் உரிய குறையும் அன்று. 1946இல் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் மூஸ் என்ற மிகப் பெரிய மான் ஒன்றை 0.300 மேக்னம் ரைஃபிளால் சுட்டபோது குண்டுகள் ஆழம் போகாமல் உடைந்தன. அதன் பிறகுதான் நடுவே உலோகத் தடுப்புச் சுவர் வைத்த குண்டை அவர் உருவாக்கினார். முன்பாதி விரிந்து சிதறினாலும், தடுப்புக்குப் பின்னுள்ள பாதி எடை குறையாமல் உள்ளே ஊடுருவும். பலமான ரைஃபிளுக்கே இந்த நிலை என்றால், மூன்றரை கிராம் குண்டைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு கவனம் தேவை என்று எண்ணிப் பாருங்கள்.

சிறிய காலிபருக்கு ஆதரவாகப் பேசுபவர்கள், ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்ட வால்ட்டர் பெல்லை எடுத்துக்காட்டுவார்கள். அவற்றில் பெரும்பகுதியை அவர் 7 மில்லிமீட்டர் ரைஃபிளால் வீழ்த்தினார் என்பது சரிதான். ஆனால் அவர் பயன்படுத்தியது 173 கிரெய்ன் எடையுள்ள, நீண்ட, விரியாத குண்டு. யானையின் மண்டையோட்டு அமைப்பை நுணுகிப் படித்து மூளையையே குறிவைத்தார். குண்டின் எடையை அதன் விட்டத்தோடு ஒப்பிடும் குறுக்குவெட்டு அடர்த்தி என்ற அளவு (இது கூடினால் குண்டு ஆழமாகப் போகும்) அந்தக் குண்டுக்கு 0.306, உங்கள் 55 கிரெய்ன் குண்டுக்கு 0.157. காலிபர் சிறியது என்ற ஒன்றைத் தவிர இரண்டுக்கும் பொதுவானது எதுவும் இல்லை.

ஆகவே செம்மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் 6.5 மில்லிமீட்டர் அல்லது 0.308 வகையில் ஒரு ரைஃபிளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பின்னுதைப்பு குறைவாக இருப்பதால்தான் 0.223இல் நன்றாகச் சுட முடிகிறது என்றால், 6.5 மில்லிமீட்டர் வகையில் 140 கிரெய்ன் குண்டு உங்களுக்குப் பொருந்தும். அதன் உதை தாங்கக்கூடியதே.

சட்டம் அனுமதிக்கும் இடத்தில், ரோ மான் அளவுள்ள விலங்குக்கு உங்கள் 0.223ஐயே கொண்டுபோகலாம். அப்போது முழுச் செம்புக் குண்டையோ, உறையும் ஈயமும் பிரியாமல் பிணைக்கப்பட்ட குண்டையோ தேர்ந்தெடுங்கள். ஒரே எடையில் செம்புக் குண்டு ஈயக் குண்டைவிட நீளமானது; நீளமான குண்டு நிலையாகப் பறக்க, குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்வரிகள் நெருக்கமாக முறுக்கியிருக்க வேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழலில் கனமான, நீண்ட குண்டு தள்ளாடும். 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் சிக்கல் இல்லை. இந்த அளவு பெரும்பாலும் குழலின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். 100 கெஜத்துக்குள், விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் சுடுங்கள். கோணலாகத் திரும்பியோ எதிரே பார்த்தோ நின்றால் விசையைத் தொடாதீர்கள்.

கையிருப்பில் உள்ள 55 கிரெய்ன் தோட்டாக்களை வீணாக்க வேண்டாம், காகித இலக்கில் பயிற்சிக்கு அவை ஏற்றவையே. ஆனால் குண்டை மாற்றினால் அது படும் இடமும் மாறும்; எனவே வேட்டைக்குப் புறப்படுமுன் வேட்டைக்குரிய தோட்டாவையே சுட்டுப் பார்த்து ரைஃபிளின் குறித் தொலைநோக்கியைத் திருத்திக்கொள்ளுங்கள்.